பணம் வரும் பக்கம் சாயும் பலகை: தேசிய செஸ் போட்டியை எந்தக் காசில் நடத்துவது?

எங்கள் மாவட்டச் சங்கத்தின் போன கூட்டத்தில் ஒருவர், "தேசிய சாம்பியன்ஷிப்பை ஒருமுறை நாமே கேட்டு வாங்கினால் என்ன?" என்று ஆரம்பித்தார். உடனே எந்த மண்டபம் என்று பேச்சு போனது. அப்புறம் சமையலுக்கு யார் என்று. காபி வந்து, டம்ளர்களை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் பொருளாளர் மெதுவாகக் கேட்டார்: "சரி, பணம்?"

கேள்வி சரி, வந்த வரிசைதான் தப்பு. நடுவர் மேசைக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்து பார்த்ததில், செஸ் போட்டி எப்போதும் பணம் வரும் பக்கமாகச் சாயும் என்று தெரிந்துகொண்டேன். ஆடுபவர்களிடம் வாங்கி நடத்தினால் தலை எண்ணிக்கையின் பக்கம் சாயும். கம்பெனியிடம் வாங்கினால் பேனர் பக்கம். அரசிடம் வாங்கினால் மேடைப் பக்கம். ஒரே ஒரு வள்ளலை நம்பினால் அவருடைய உடம்பு, மனசு, வாரிசுகள் எல்லாவற்றின் பக்கமும் சாயும். எந்தச் சாய்வை நம்மால் தாங்க முடியும் என்று தெரிந்த பிறகு மண்டபம் பார்க்கப் போகலாம்.

போட்டியின் வடிவத்தை முடிவு செய்வது அகில இந்திய செஸ் கூட்டமைப்பு, நாம் இல்லை. ஆனாலும் வடிவத்தைப் பற்றிப் பேசாமல் பணத்தைப் பற்றிப் பேச முடியாது.

இந்தியாவின் முதல் தேசியப் போட்டி 1955-ல் ஆந்திராவின் ஏலூரில் நடந்தது. ராமச்சந்திர சப்ரேயும் டி.வெங்கய்யாவும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 1959-லிருந்து 1981-க்குள் நம் மானுவல் ஆரோன் ஒன்பது முறை வென்றார். ஆனந்த் 1986, 87, 88 என மூன்று முறை. வெகுகாலம் இது இரண்டு படிகளாக நடந்தது. நேஷனல் பி என்ற பெரிய ஸ்விஸ் போட்டியில் (சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களை மோதவிடும் முறை) பெரிய கூட்டம் மோதும். அதில் தேறியவர்கள் நேஷனல் ஏ-யில், பிற்காலத்தில் பிரீமியர் என்று பெயர் மாறிய சிறு களத்தில், எல்லாரும் எல்லாரோடும் ஆடுவார்கள். 2017-ல் பாட்னாவில் நடந்த பிரீமியரோடு அது நின்றது. 2018-ல் ஜம்முவிலிருந்து ஒரே ஸ்விஸ் ஓப்பன்தான் தேசியப் போட்டி.

கூட்டம் கட்டும் காசு

ஸ்விஸ் ஓப்பனின் அழகு, அது தன் செலவில் ஒரு பகுதியைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் என்பது. கணக்குக்காக 350 பேர், ஆளுக்கு 4,000 ரூபாய் நுழைவுக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 லட்சம். கூட்டமைப்புக்குக் கட்ட வேண்டிய பங்கும் ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) கட்டணமும் போக மீதி கையில் நிற்கும். பரிசுத் தொகைக்கு அது போதாது, ஆனால் வெறுங்கையோடு ஸ்பான்சர் வீட்டுக் கதவைத் தட்டும் நிலை வராது. சின்ன ஊரிலிருந்து வரும் ஒரு பிள்ளை முதல் சுற்றிலேயே கிராண்ட்மாஸ்டருக்கு எதிரே உட்காரலாம் என்பது இன்னொரு லாபம். அந்தப் பிள்ளையின் அப்பா அடுத்த பத்து வருடத்துக்கு அந்தப் போட்டோவைக் காட்டிக்கொண்டிருப்பார். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. இந்த நாட்டில் செஸ் வளர்ந்ததே அப்படிப்பட்ட அப்பா அம்மாக்களின் சேமிப்பில்தான்.

செலவு வேறு மாதிரி வரும். 350 பேர் என்றால் 175 பலகை, 175 டிஜிட்டல் கடிகாரம், 350 நாற்காலி. கல்யாண மண்டபத்தின் பந்தி மேசைகளைப் போட்டால் ஒருவர் கால் ஆட்டும்போது நாலு பலகை ஆடும். பரிசைப் பற்றி எனக்கு வந்த புகார்களைவிட வெளிச்சத்தைப் பற்றி வந்தவை அதிகம்: மண்டபங்களில் மேடைக்கு மட்டும் பளீரென்று விளக்கு போட்டிருப்பார்கள், பின்வரிசையில் உட்கார்ந்தவருக்குக் குதிரை எது, பிஷப் எது என்று நிழலில் தேட வேண்டும். போன் இன்னொரு தலைவலி. ஆட்டக் கூடத்துக்குள் அனுமதியில்லாத போன் கண்டுபிடிக்கப்பட்டால் ஆட்டம் தோல்வி என்பது விதி. ஆகவே கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுப்பதுபோல டோக்கன் கொடுத்து 350 போன்களை வாங்கி வைக்க ஆள் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். மெட்டல் டிடெக்டர், முன்னணியில் இருப்பவர்கள் ஆடும் மேல்பலகைகளுக்கு நேரலை காட்டும் மின்னணுப் பலகை, முதல் உதவி, ஜெனரேட்டர் எல்லாம் இதற்கு மேல்.

சாய்வு எங்கே என்றால், நாட்டின் முதல் பத்து இடங்களில் இருப்பவர்கள் பலருக்கு இந்தப் போட்டியில் ஆட மனசு வராது. காரணம் சோம்பல் அல்ல, கணக்கு. 2,650 ரேட்டிங் உள்ளவர் 2,250 உள்ளவரோடு ஆடினால் அவரிடம் எதிர்பார்க்கப்படும் புள்ளி (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை) 0.92. ஜெயித்தால் அவருக்கு 0.8 ரேட்டிங் கூடும். டிரா ஆனால் 4.2 போய்விடும். அதாவது ஒரு டிராவை ஈடுகட்ட ஐந்து வெற்றிக்கு மேல் வேண்டும். அதிலும் நம் நாட்டில் 2,250 என்று பட்டியலில் எழுதியிருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனின் நிஜமான பலம் பட்டியலைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டில் அழைப்பும் ஆட்டக் கட்டணமும் வரும்போது இங்கே வந்து ஏன் ரேட்டிங்கைப் பணயம் வைக்க வேண்டும்? எப்போதுமே வர மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2022-ல் கான்பூரில் அர்ஜுன் எரிகைசி வென்றபோது குகேஷும் அங்கே ஆடினார். ஆனால் அதை நம்பிப் போஸ்டர் அடிக்க முடியாது.

இந்த வழியை அதன் எல்லை வரை கொண்டுபோனவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1904-லிருந்து நடக்கும் அவர்களுடைய சாம்பியன்ஷிப் ஒரு திருவிழா மாதிரி. கோடை விடுமுறையில், டார்கீ போன்ற கடற்கரை ஊர்களில், பெரிய போட்டியோடு கூடவே சிறுவர், முதியோர், வார இறுதி, பிளிட்ஸ் (அதிவேக ஆட்டம்) என்று பக்கப் போட்டிகள். குடும்பமே விடுமுறைக்கு வரும், எல்லாரும் கட்டணம் கட்டுவார்கள், அந்தச் சில்லறையில் மேல்பலகை ஓடும். நமக்கு இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. காமன்வெல்த் நாட்டவரும் ஆடலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். 2002-ல் டார்கீயில் சென்னையின் ஆர்.பி.ரமேஷ் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், அடுத்த வருடம் எடின்பரோவில் அபிஜித் குந்தே. அதற்கு அடுத்த வருடம் கதவு சாத்தப்பட்டது. கட்டணம் கட்டி வருகிறவர் யாராக இருந்தாலும் சரி என்று நடத்தினால் 'தேசிய' என்ற சொல்லே கேள்விக்குள்ளாகும் என்பது அவர்களுக்குப் பட்டுத் தெரிந்தது.

பதினாலு பேர், ஏழு மேசை

பிரீமியர் மாதிரியான மூடிய களம் பார்க்கப் பணக்கார ஏற்பாடு போல இருக்கும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 14 பேர், 13 சுற்று, 91 ஆட்டம், ஏழு மேசை. ஒரு நல்ல ஹோட்டலின் கூட்ட அறை போதும். 15 இரவுகள், 14 அறைகள் என்றால் 210 அறை-இரவு. அறைக்கு 3,000 என்றால் 6 லட்சத்து 30 ஆயிரம். சாப்பாடு, மூன்று நான்கு நடுவர்கள், நேரலை எல்லாம் சேர்த்தாலும் 350 பேர் போட்டியின் ஏற்பாட்டுச் செலவைவிடக் குறைவாகவே முடியும். போன் வாங்கி வைக்க ஒரு தட்டு போதும்.

ஆனால் வரவு பூஜ்யம். 14 பேரிடம் கட்டணம் வாங்கவும் முடியாது, வாங்கினால் அசிங்கம். பரிசு முழுதும் வெளியிலிருந்து வர வேண்டும். பார்க்க வருகிறவர்களும் குறைவு, ஆடும் பிள்ளைகள் இல்லாத இடத்துக்கு அப்பா அம்மா வர மாட்டார்கள். பத்தாவது சுற்றுக்கு மேல், மேலேயும் போக முடியாது கீழேயும் விழ மாட்டோம் என்று நடுவில் இருப்பவர்கள் பதினைந்து நகர்த்தலில் கைகுலுக்கிவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

அப்படியிருந்தும் நாட்டின் சாம்பியன் யார் என்று கேட்டால் நான் இந்த வடிவத்தைத்தான் நம்புவேன். ஸ்விஸ்ஸில் 11 சுற்றில் முதல் ஐந்து பேரில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமலேயே போட்டி முடிந்துவிடலாம், பட்டத்தை, சமமாக நிற்பவர்களைப் பிரிக்கும் டைபிரேக் எண்ணிக்கை முடிவு செய்யும். மூடிய களத்தில் ஒளிய இடம் இல்லை. 2015-ல் திருவாரூரில் பிரீமியர் நடந்தது. முரளி கார்த்திகேயன் அங்கே பட்டம் வென்று, அடுத்த வருடம் லக்னோவில் அதைத் தக்கவைத்துக்கொண்டார். அந்தப் பட்டத்தை யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. இன்னொரு விஷயம்: வழக்கமாக கிராண்ட்மாஸ்டர் நார்ம் (அந்தப் பட்டத்துக்குத் தேவையான தகுதிச் சாதனை) எடுக்க எதிராளிகளில் பிற நாட்டவரும் இருக்க வேண்டும். தேசிய சாம்பியன்ஷிப்பின் இறுதிக் கட்டத்துக்கு அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. வெளிநாட்டுக்காரர்களை டிக்கெட் போட்டு அழைத்துவராமலேயே நம் பையன் நார்ம் எடுக்கலாம். இந்தச் சலுகையின் மதிப்பு, போட்டி போட்டியாக விமானம் ஏறி இறங்கி மகளின் கடைசி நார்முக்காகக் கடன் வாங்கிய ஒரு அம்மாவைக் கேட்டால் தெரியும்.

வள்ளல்

ஒரு பணக்காரர் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சங்கங்களில் ஒரு கனவு உண்டு. அந்தக் கனவு நிஜமான இடம் அமெரிக்கா. அவர்களுடைய கதையை முழுதாகப் பார்த்தால்தான் நல்லது.

2000-லிருந்து 2006 வரை அமெரிக்க சாம்பியன்ஷிப்பை சியாட்டிலைச் சேர்ந்த ஒரு செஸ் அறக்கட்டளை எடுத்து நடத்தியது. அதன் பிறகு அது விலகிக்கொண்டது. உலகின் பெரிய பணக்கார நாட்டில் தேசியப் போட்டிக்கு ஆள் இல்லை. ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஃபிராங்க் பெர்ரி என்ற செஸ் ஆர்வலர் தன் கைக்காசைப் போட்டு 2007-ல் ஸ்டில்வாட்டரிலும் 2008-ல் துல்சாவிலும் நடத்திக் கொடுத்தார். அந்த 2008 பெண்கள் பட்டத்தில்தான் அந்தப் பிரபலமான கடைசி ஆட்டம் நடந்தது. இரினா குரூஷும் அன்னா ஜடோன்ஸ்கியும் சமநிலையில் நிற்க, கூடுதல் வினாடி இல்லாத ஒரு பிளிட்ஸ் ஆட்டத்தில் பட்டத்தை முடிவு செய்தார்கள். காய்கள் விழ விழ இரண்டு பேரும் கடிகாரத்தை அடித்தார்கள். ஜடோன்ஸ்கியின் கடிகாரத்தில் ஒரு வினாடி மிச்சம் இருந்தது, பட்டம் அவருக்கு. குரூஷ் ராஜாவைத் தட்டிவிட்டு எழுந்து போனார். டைபிரேக் விதியைப் போட்டிக்கு முன்பே நாலு தடவை படித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் நடுவர் வகுப்பில் இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

2009-ல் செயின்ட் லூயிஸின் ரெக்ஸ் சின்க்ஃபீல்ட் வந்தார். முதலீட்டுத் தொழிலில் சம்பாதித்து ஓய்வு பெற்றவர், முந்தைய ஆண்டுதான் தன் ஊரில் ஒரு செஸ் கிளப்பைக் கட்டியிருந்தார். அன்றிலிருந்து அமெரிக்க சாம்பியன்ஷிப்பின் வீடு அந்த ஊர்தான். ஆண்டுதோறும் நல்ல பரிசு, நல்ல வர்ணனை. பொதுப் பட்டமும் பெண்கள் பட்டமும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே நாட்களில் நடக்கின்றன. (இதையாவது நாம் காப்பி அடிக்கலாம். 2022-ல் நம் ஓப்பன் கான்பூரில், பெண்கள் போட்டி புவனேஸ்வரில், இரண்டும் ஒரே சமயத்தில். இரண்டு கூடம், இரண்டு நடுவர் குழு, இரண்டு நேரலை.) சின்க்ஃபீல்ட் செய்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் கட்டியது போட்டியை மட்டும் அல்ல, ஒரு கட்டடத்தையும் ஒரு கிளப்பையும். ஆகையால் அவருக்குப் பின்னும் ஏதோ மிஞ்சும். நம் ஊரில் வரும் வள்ளல் பெரும்பாலும் ஒரு போட்டிக்குத்தான் வருவார். தன் பேத்தி ஆடும்வரை.

பேனர்

கம்பெனிப் பணம் இரண்டு வகை, நம்மவர்கள் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். விளம்பரத்துக்காகத் தருவது ஒன்று. சமூகப் பொறுப்பு நிதி, சிஎஸ்ஆர் என்று சொல்கிறோமே, அது இன்னொன்று.

விளம்பரப் பணத்தின் ஆயுள் அந்தத் தொழிலின் ஆயுள்தான். 2021-ல் ஆன்லைன் விளையாட்டு நிறுவனமான எம்பிஎல்லின் விளையாட்டு அறக்கட்டளை செஸ் கூட்டமைப்பின் முதன்மை ஸ்பான்சராக வந்தது, தேசியப் போட்டியின் பெயருக்கு முன்னால் எம்பிஎல் என்ற மூன்றெழுத்து சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தே அதே தொழிலில் இருந்த ஸ்பான்சர் ட்ரீம்11 காணாமல் போனது. அந்த மாதிரித் தொழில் ஒன்றை மட்டும் நம்பி யாராவது பட்ஜெட் எழுதியிருந்தால் அன்று காலை பேப்பர் படிக்கும்போது காபி இறங்கியிருக்காது.

சிஎஸ்ஆர் கதை வேறு. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலான கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். விளையாட்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லி நம் செயலாளர்கள் கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நானும் ஒருமுறை கூடப் போனேன். அந்தக் கம்பெனியின் அதிகாரி மரியாதையாக டீ கொடுத்துவிட்டு, பட்டியலில் இருக்கும் வார்த்தையைத் திருப்பிக் காட்டினார்: அங்கே இருப்பது விளையாட்டுகளை வளர்க்கும் 'பயிற்சி'. போட்டியின் பரிசுத் தொகை அதற்குள் வராது என்பது அவருடைய வாசிப்பு. தவிர, தன் பெயரை விளம்பரப்படுத்திக்கொள்ளத் தரும் ஸ்பான்சர்ஷிப்பை சிஎஸ்ஆர் கணக்கில் காட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. பேனர் வேண்டுமென்றால் விளம்பரத் துறையைப் பாருங்கள் சார், என் துறை வேண்டுமென்றால் பயிற்சி முகாமுக்கு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அப்புறம், உங்கள் சங்கம் இந்தப் பணம் வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று எனக்குக் கோபம். இப்போது யோசித்தால் அவர் எங்களுக்கு இலவசமாக ஒரு வழி சொல்லியிருக்கிறார். போட்டிக்கு மூன்று நாள் முன்னால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முகாம், அதற்குப் பலகை, கடிகாரம், பயிற்சியாளர் சம்பளம் எல்லாவற்றையும் தனித் திட்டமாக எழுதலாம். முகாமின் பலகைகள் முகாமோடு மறைந்துவிடாது.

ஸ்பான்சர் விஷயத்தில் ஒரு அனுபவம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாநிலப் போட்டியில் வாக்குக் கொடுத்த ஒருவர் (பெயர் வேண்டாம்) துவக்க விழாவில் மாலை வாங்கிக்கொண்டு, இறுதி நாளன்று போனை எடுக்கவில்லை. பரிசு வழங்கும் மேடையில் பிள்ளைகளுக்கு அட்டையில் அடித்த பெரிய காசோலைகளைக் கொடுத்தோம். நிஜக் காசு போய்ச் சேர நான்கு மாதம் ஆனது, அதுவும் நிர்வாகிகள் நாலு பேர் கைமாற்று வாங்கி. அன்றிலிருந்து என் விதி: வங்கிக் கணக்கில் இறங்காத பணத்தைப் பரிசுப் பட்டியலில் அச்சடிக்காதே.

அரசு

அரசு மனசு வைத்தால் என்ன நடக்கும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 2013-ல் ஆனந்த்-கார்ல்சன் உலகப் போட்டிக்குத் தமிழக அரசு 29 கோடி ஒதுக்கியது. 2022-ல் ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்ட ஒலிம்பியாட் மார்ச் மாதம் சென்னைக்குக் கிடைத்தது. ஜூலை 28-ல் துவக்க விழா. நான்கு மாதம், 92 கோடி ரூபாய், நேப்பியர் பாலமே சதுரங்கக் கட்டமானது. 2023 டிசம்பரில் எட்டு பேர், ஏழு சுற்று, 50 லட்சம் பரிசு என்று சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியைச் சில வாரங்களில் அரசு நடத்திக் காட்டியது. குகேஷ் அதை வென்று, உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குப் போனார், மறுவருடம் உலக சாம்பியன் ஆனார்.

ஆனால் இதெல்லாம் உலகம் பார்க்கும் மேடைகள். தேசியப் போட்டிக்கு அந்த வெளிச்சம் விழாது. அங்கே நமக்குக் கிடைப்பது திட்டத்தின் கீழ் ஒரு மானியம், அதுவும் பெரும்பாலும் போட்டி முடிந்து, ரசீது கட்டி, பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதி, தணிக்கையாளர் கையெழுத்து போட்ட பிறகு. நடுவில் கடனுக்கு நிற்பது சங்கம். சிறப்பு விருந்தினர் தேதிக்காகத் துவக்க விழாவைத் தள்ள வேண்டி வரும், முதல் சுற்று மூன்று மணிக்கு என்று போட்டுவிட்டு ஐந்தரைக்குத் தொடங்கினால் ராத்திரி பத்து மணிக்குக் கடைசிப் பலகை முடியும். மறுநாள் காலை இன்னொரு சுற்று. தேர்தல் அறிவிப்பு வந்தாலோ மேடையும் போய்விடும், கோப்பும் நின்றுவிடும்.

திருவாரூர் ஆழித்தேர் நினைவுக்கு வருகிறது. ஓடாமல் நின்றுபோயிருந்த தேரை 1970-ல் கலைஞர் அரசு முன்நின்று மறுபடி ஓட வைத்தது. அது அரசால் மட்டுமே முடிகிற வேலை. ஆனால் அன்றிலிருந்து வடம் பிடிக்கிறவர்கள் ஊர்க்காரர்கள். தேசியப் போட்டிக்கும் அரசிடம் நான் கேட்பது அந்த மாதிரி ஒரு தடவைச் செலவு: நல்ல மேசைகள், 200 கடிகாரங்கள், இருபது மின்னணுப் பலகைகள் வாங்கி மாவட்ட விளையாட்டு அரங்கில் வைத்துவிடட்டும். ஆண்டுதோறும் வாடகைக்கு லாரி பிடிக்க வேண்டியதில்லை.

வளாகம்

யாரும் ஒரு வழியாக எண்ணாத வழி இது, எனக்குப் பிடித்ததும் இதுதான். 2025-ல் தேசியப் போட்டி குண்டூர் அருகே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது, ஈரோட்டு இனியன் வென்றார். ஒரு கல்லூரி காசாகத் தரத் தயங்கும், இடமாகத் தரத் தயங்காது. தேர்வுக்கூடம் இருக்கிறது, அதன் மேசைகள் ஆளுக்கு ஒன்றாக ஆடாமல் நிற்கும், வெளிச்சம் படிக்கிற வெளிச்சம். விடுதி அறைகள் விடுமுறையில் காலி. மெஸ் நடத்துகிறவர்கள் தினமும் ஆயிரம் பேருக்குச் சமைத்துப் பழகியவர்கள், 350 பேர் அவர்களுக்குப் பொருட்டில்லை. என்எஸ்எஸ் மாணவர்கள் போன் டோக்கன் மேசையைப் பார்த்துக்கொள்வார்கள். நாம் வேறெங்கும் ரூபாயாகக் கொடுக்க வேண்டிய செலவில் பாதிக்கு மேல் இங்கே ரூபாயே இல்லாமல் முடியும்.

கல்லூரிக்கு என்ன லாபம் என்றால் சேர்க்கைக் காலத்தில் பேப்பரில் பெயர். அது நியாயமான பண்டமாற்று. ஊருக்கு வெளியே பதினைந்து கிலோமீட்டர் என்பதுதான் குறை. விடுதியில் குடும்பத்தோடு தங்க முடியாது, பெண் பிள்ளைகளோடு வரும் அம்மாக்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும், கிராண்ட்மாஸ்டர்கள் இரும்புக் கட்டிலைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். முதல் இருபது பேருக்கு ஊருக்குள் ஹோட்டல் போட்டுவிட்டு ஒரு வேன் விட்டால் போதும்.

ஆக, என் வாக்கு இப்படி. கூட்டமைப்புக்கு எழுதும் கடிதத்தில், பழைய இரண்டு படி முறையைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்போம். பெரிய ஸ்விஸ் தன் காலில் நிற்கும், அதன் உச்சியில் 12 அல்லது 14 பேர் களம் ஒன்று இருந்தால் பெரிய ஆட்டக்காரர்களுக்கும் வரக் காரணம் கிடைக்கும். அந்த ஏழு மேசைக்கு மட்டும் ஸ்பான்சர் தேடுவது 175 மேசைக்குத் தேடுவதைவிடச் சுலபம். கடிதத்துக்குப் பதில் வராது என்று எனக்குத் தெரியும், எழுதிவைப்போம்.

நமக்குக் கிடைக்கப்போவது ஸ்விஸ்தான். அதைக் கல்லூரி வளாகத்தில், நுழைவுக் கட்டணத்தை அடித்தளமாக வைத்து நடத்தலாம். ஒரே பெரிய பெயர் வேண்டாம், ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் போதும்: ஜவுளிக்கடை, நகைக்கடை, மருத்துவமனை, ரைஸ் மில். ஒருவர் நழுவினால் போட்டி நழுவாது. அரசு மானியத்தைப் பட்ஜெட்டில் சேர்க்கக் கூடாது, வந்தால் அடுத்த வருட மாவட்டப் போட்டிக்கு. முகாமுக்கு சிஎஸ்ஆர் தனியாக, அதற்கு முதலில் அந்தப் பதிவை முடிக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் படித்துவிட்டு, கல்லூரி கிடைக்காவிட்டால் மண்டபம்தானே, ஆடி மாசத்தில் வாடகை பாதிக்குப் பாதி குறையும், முகூர்த்தமே இருக்காது என்றார். அது உண்மைதான். அந்தக் கணக்கை நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன். மண்டபத்துக்கு எதிரிலேயே அம்மன் கோயில், கூழ் ஊற்றும் வாரம், கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். ஐந்தாவது சுற்றில் ஒரு பையன் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, மூக்கால் தள்ளாத குறையாக யானையை நகர்த்தினான். ஆடி மட்டும் வேண்டாம்.